எட்டு நிமிடப் பாட்டு

ஹாம்பர்க் பாடகி ஒருத்தியின் அந்த உருக்கமான பாட்டு ஆறு வாரமாக முதலிடத்தில் இருந்தது. காலை ஏழரைக்கு வானொலியில் அது தொடங்கும்போது கெர்லிண்டெ இரண்டு முட்டைகளைக் கொதிநீரில் இறக்குவாள். பாட்டு ஐந்து நிமிடம். முடிந்ததும் தன்னுடையதை எடுத்துவிடுவாள். கணவர் டெட்லெஃபுக்குக் கல்லாக வேக வேண்டும், எட்டு நிமிடம். தின்றுவிட்டு வெறும் முட்டையோட்டை, முழு முட்டைபோல் தெரிய, கிண்ணத்தில் கவிழ்த்து வைத்து, "பாரு, நான் தொடவே இல்ல" என்பார். முப்பது வருடமாக இதே வேடிக்கை. அவள் சிரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்தார்கள். திங்கட்கிழமை ஒரு முட்டை போட்டாள். பாட்டு முடிந்து எடுத்தபோது கல்லாகியிருந்தது. மகளுக்குப் போன் செய்தாள்.

"பாட்டை நீட்டிட்டாங்களாடி?"

"இல்லியேம்மா. இங்க அதே அஞ்சு நிமிஷம்தான். அழுதியா?"

"இல்ல."

செவ்வாய்க்கிழமை கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிடம். ஒரு வரிகூடக் கூடவில்லை. பாடகி எங்கும் நிறுத்தவுமில்லை.

புதன்கிழமை இரண்டு முட்டை போட்டாள். ஒன்றைக் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடத்தில் எடுத்தாள். மற்றதைப் பாட்டு முடிந்ததும் எடுத்து எதிர் நாற்காலியின் முன்னால் அவருடைய கிண்ணத்தில் வைத்தாள். தன்னுடையதைச் சாப்பிட்டாள். எதிரே இருந்தது வைத்தபடியே இருந்தது. கரண்டியால் அதைத் தட்டினாள். ஓடு உள்வாங்கி நொறுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.

"சரி, சிரிச்சாச்சு" என்றாள், சிரிக்காமல்.