தூக்கத்தைக் கெடுப்பவர்

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கைக்குழந்தை எஸ்கிலைக் கம்பளிக்குள் பொதிந்து, முற்றத்துப் பனியில் தள்ளுவண்டியிலேயே தூங்க விடுவாள் இங்வில்ட். ஓஸ்லோவில் அதுதான் வழக்கம்; எந்தக் குழந்தை பகலில் வீட்டுக்குள் தூங்குகிறது? ஆனால் இந்த வாரம் முழுக்க, பாதித் தூக்கத்திலேயே வீல் என்று அலறினான். இன்று ஜன்னலோரம் ஒளிந்து நின்று, அவனை எழுப்பும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். விறுவிறுவென்று மாடி ஏறிக் கதவைத் தட்டினாள்.

அங்கே புதிதாகக் குடிவந்திருந்த மாரித் என்ற பெண் திறந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என் பையன் கன்னத்தைக் கிள்ளி எழுப்புறாரு! என் கண்ணால பார்த்தேன். குழந்தைங்கன்னாலே ஆகாதா அவருக்கு?"

"அழுதானா?"

"தெருவே கேக்குற மாதிரி அழுதான்!"

"அப்பாடா" என்றாள் மாரித்.

"என்னங்க அப்பாடா? தூங்குற பிள்ளையை எழுப்பிட்டு..."

"போன குளிர்காலத்துல எங்க பொண்ணும் இப்படித்தான் வெளியில தூங்கினா. நான் தூக்கப் போனேன். 'அசந்து தூங்குறா, எழுப்பாதே'ன்னு இவர்தான் சொன்னாரு. அவ அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. காய்ச்சல்கூட இல்ல. ஏன்னு டாக்டருக்கே தெரியல. 'அப்பவே தூக்கியிருந்தாலும் பிழைச்சிருப்பான்னு சொல்ல முடியாது'ன்னாரு. இவர் நம்ப மாட்டேங்கிறாரு."

உள்ளே அவள் கணவர் தோர்கெய்ர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் இங்வில்ட் மறுபடி அதே கதவைத் தட்டினாள். இந்த முறை அவரே திறந்தார்.

"எஸ்கில் தூங்கி ரொம்ப நேரமாச்சுங்க. கொஞ்சம் வந்து எழுப்பி விடுறீங்களா?"