முள்ளம்பன்றி நோட்டு

இயக்குநர் நோட்டைப் புரட்டப் புரட்ட, எதிரே உட்கார்ந்திருந்தவள் மிச்சமிருந்த பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மிருகக்காட்சி சாலையில் பயிற்சிக்கு எடுத்தது இரண்டு பேரை. நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. சிங்கக் கூண்டு கிடைத்தவன் முதலில் உள்ளே போய், கால் மணி நேரத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தான். சிங்கத்துக்கே அந்தக் கதி என்றால் முள்ளம்பன்றிக்கு என்ன மரியாதை கிடைத்துவிடப் போகிறது?

வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடைதான். விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு, ஊரார் சான்றிதழை முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று நகல் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மாவாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? மகள் ஆபீசராகிவிட்டாள் என்று தெரு முழுக்கத் தமுக்கடித்தாயிற்று.

முள்ளம்பன்றியை அவள் கேட்டு வாங்கவில்லை. தலையில் கட்டினார்கள்.

பகலெல்லாம் வளைக்குள் படுத்துத் தூங்குகிற பிராணி அது. அதன் கூண்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். முதல் வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினாள். தென்படவில்லை. ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டுத் தடவை, தென்படவில்லை.

மேற்பார்வையாளர் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: ஆர்வம் போதாது.

வெள்ளிக்கிழமைகளில் தொழில்திறன் மேம்பாட்டு வகுப்பு வேறு. நடத்துகிறவர் பூனையைத் தவிர வேறெதையும் கிட்டத்தில் பார்த்திராத ஆசாமி. கோட்டு மட்டும் பிரமாதம். 'இல்லை', 'தெரியவில்லை', 'பார்க்கவில்லை' இந்த மூன்றும் நிபுணர் வாயிலிருந்து வரவே கூடாதாம். 'நான் ஒரு வெற்றியாளர்' என்று இருபது தடவை உரக்கச் சொல்ல வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கிளிக்கூண்டு. மூன்றாவது வாரம் கிளிகளும் சொல்ல ஆரம்பித்துவிட்டன.

அப்புறம் என்ன, முள்ளம்பன்றி சுறுசுறுப்பாகிவிட்டது.

வளை வாசலில் மூக்கை நீட்டியது. கேரட்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிழங்கை எடுத்தது. முதுகை மரக்கட்டையில் தேய்த்தது. கை எழுத எழுத மனசு குறுகுறுத்தது உண்மைதான். ஆனால் மாலையில் வைத்த தட்டு காலையில் காலியாகத்தானே இருக்கிறது? ராத்திரி அது செய்வதைத்தான் பகலில் எழுதுகிறோம், இதில் என்ன பெரிய பாவம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

மூன்றாம் மாதத்தில் அதற்கென்று ஒரு குணமே வந்துவிட்டது. காலையில் பிடிவாதம், கூட்டம் வந்தால் கூச்சம். சிவப்பு மை 'அபார நுட்பம்' என்றது. சொன்னால் வெட்கக்கேடு, கண்ணால் ஒரு நாளும் பார்க்காத அந்த ஜீவன் மேல் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது. கடைசி நாள் வளையைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் வந்தாள்.

"மழைத் தண்ணி முதுகுல படாம, வாசல்லயே தயங்கி நின்னுச்சு... அடடா!" என்று இயக்குநர் வாய்விட்டுப் படித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கால்நடை மருத்துவர் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கோப்பு. போகிற போக்கில் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இந்த முள்ளம்பன்றியா? அது போன வருஷமே செத்துப்போச்சே! நான்தானே அறுத்துப் பாத்தேன்."

அவள் சேர்ந்தே நாலு மாதம்தான் ஆகிறது.

அப்படியானால் தட்டைக் காலி செய்தது யார்? பெருச்சாளிகளாக இருக்கும். குட்டு வெளிப்பட்டாயிற்று. இனி வேலையும் இல்லை, சான்றிதழும் இல்லை, தெருவில் தலைகாட்டவும் முடியாது. இத்தனைக்கும் நடுவில், ஐயோ, போய்விட்டதா என்று அந்த முள்ளம்பன்றிக்காகவும் அவள் துக்கப்பட்டதுதான் வேடிக்கை.

இயக்குநர் நிமிரவே இல்லை. நீட்டிய கோப்பில் கையெழுத்துப் போட்டு மருத்துவரை அனுப்பினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

வேலை நியமன உத்தரவு. அவள் பெயர் போட்டு, நேற்றுத் தேதியில் தயாராக இருந்தது.

"அந்தப் பையன் கெட்டிக்காரன்தாம்மா. ஆனா பாத்ததை மட்டும்தான் எழுதுவேங்கறான்" என்றார், நிஜமான வருத்தத்தோடு. "இங்க இன்னும் ஆறு கூண்டு காலியா கிடக்கு. மேலிடத்துப் பட்டியல்ல ஆறும் உயிரோட இருக்கு."

உத்தரவின் கீழேயே அந்தப் பட்டியலும் இருந்தது. கரடி, வரிக்குதிரை, வெள்ளைப் புலி, இன்னும் மூன்று.

அவள் அம்மாவை நினைத்தாள். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூட்டை நினைத்தாள். நிதானமாகப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"இதுல இந்த வருஷம் எதெது குட்டி போடணும் சார்?"