பத்து விரல் வார்த்தை

சாலைக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்த கயிற்றின் ஒரு முனை ஸ்டெஃபானியாவின் கையில் இருந்தது.

மறுமுனையை டிராக்டர் ஓட்டும் ஸெனெக் பிடித்திருந்தான். போலந்துக் கிராமத்து வழக்கப்படி, தேவாலயத்துக்குப் போகும் கல்யாணக் காரை மறித்து, மாப்பிள்ளையிடம் வோட்கா புட்டி வாங்கிக்கொண்டுதான் வழிவிடுவார்கள்.

மாப்பிள்ளை சிப்ரியன் ஸ்டெஃபானியாவின் பக்கத்து வீட்டுப் பையன். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அவனுக்குத் திக்கும். இன்னும் சற்று நேரத்தில், பாதிரியார் சொல்லச் சொல்ல, கல்யாண உறுதிமொழியை ஊரே கேட்க அவன் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

அங்கே போய்ச் சிக்கிக்கொண்டால்?

ரிப்பன் கட்டிய கார் வந்து நின்றது. சிப்ரியன் இறங்கிப் புட்டியை நீட்டினான்.

பேசாமல் வாங்க வேண்டியதுதானே ஸெனெக்? மாட்டானாம். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிப்ரியனைச் சீண்டுவதில் அவனுக்கு அப்படியொரு சுகம்.

"புட்டி கிடக்கட்டும்டா. தொண்ணூத்தொம்பது வயசுப் புருஷனா கார்ல இருக்கிற இவ பக்கத்துல நிப்பேன்னு சொல்லு. அப்பதான் கயிறு இறங்கும்."

கூட்டம் ஓவென்று சிரித்தது. போலிஷ் மொழியில் 'தொண்ணூற்றொன்பது வயதான' என்பது ஒரே சொல். சரளமாகப் பேசுகிறவனுக்கே பாதி வழியில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

"அடேய், நல்ல நாளும் அதுவுமா உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஸ்டெஃபானியா சீறினாள்.

சிப்ரியன் சிரித்தான். காரின் முகப்பில் பத்து விரல்களையும் பரப்பி வைத்தான். ஓர் அசைக்கு ஒரு விரலாகத் தட்டிச் சொல்லத் தொடங்கினான்.

ஜெ-வியெஞ்ச்-ஜெ-ஷென்-சோ. இடக்கையோடு தொண்ணூறு முடிந்தது.

ஜெ-வியென்-சோ. வலக்கையில் மூன்று விரலுக்குள் ஒன்பது அடங்கியது.

லெட்-னி. மிச்சமிருந்த இரண்டு விரலில் வயது வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு விரலும் மிஞ்சவில்லை. ஓர் அசையும் சிக்கவில்லை.

கூட்டத்திலிருந்த அக்கார்டியன்காரர் வாத்தியத்தை அலறவிட்டார். யார் யாரோ தொப்பியை வானத்தில் எறிந்தார்கள். ஸ்டெஃபானியாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

காருக்குள் மணப்பெண் கலினா உட்கார்ந்திருந்தாள். பொஸ்னான் நகரத்துப் பெண். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் சிப்ரியன் பார்த்துப் பிடித்த பெண். ஊருக்கு வந்ததிலிருந்து புன்னகையைத் தவிர யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. தலைக்கனம் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. ஸ்டெஃபானியாவும்தான்.

இப்போது அதையெல்லாம் மன்னித்துவிட்டு அவள் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"கெட்டிக்காரிம்மா நீ! எங்க பையன் நாக்கை எப்படித்தான் வழிக்குக் கொண்டு வந்தியோ!"

கலினா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, இமைகள் படபடத்தன.

ஸ்டெஃபானியாவுக்கு இந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமும் பக்கத்து வீட்டில் பார்த்ததுதான்.

சிப்ரியன் ஓடி வந்து கலினாவின் உள்ளங்கையை விரித்தான். ஒரு விரலால் மெதுவாகத் தட்டினான். அவன் தட்டத் தட்ட அவளுக்கு வார்த்தை வந்தது.

"நான் இல்-லக்-கா. இ-வர்-தான் எ-னக்-கா-கத் தட்-டக் கத்-துக்-கிட்-டார்."

ஸ்டெஃபானியாவின் கையிலிருந்த கயிறு நழுவித் தரையில் விழுந்தது. எதிர்முனையும் இறங்கியிருந்தது. புட்டியை வாங்க யாருக்கும் நினைவில்லை.

தேவாலயத்தில் சிப்ரியன் தன் உறுதிமொழியைத் திக்காமல் சொல்லி முடித்தான். அடுத்தது கலினாவின் முறை.

அப்போது பின்வரிசையிலிருந்து டொக், டொக் என்று மெல்லிய சத்தம் கேட்டது. ஸ்டெஃபானியா திரும்பிப் பார்த்தாள்.

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் பலகையில், ஓர் அசைக்கு ஒரு விரலாகத் தட்டிக்கொண்டிருந்தான் ஸெனெக்.