ஏ.சி. நின்ற பிறகு

படப்பிடிப்பில் நடிகர் ஓய்வெடுக்கும் கேரவன் வண்டியின் பின்பக்கம் சேவுகன் குனிந்து கேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் துணை நடிகைகளில் ஒருத்தி படியில் கால் வைத்தாள்.

நடிகரின் மேனேஜர் கிளமென்ட் அவள் தோளில் கைவைத்துக் கீழே தள்ளினார்.

"சாரோட பாத்ரூம் இது. கண்டவளும் ஏறி எறங்குறதுக்கா?"

அவள் விழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சாவுக் காட்சியில் அழுவதற்கு வந்த கூட்டத்தில் ஒருத்தி. நாற்பது பெண்கள், நாற்பது வெள்ளைச் சேலைகள். விடிவதற்கு முன்பே மதுரையில் ஏற்றி இந்தப் பொட்டலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது.

அவள் திரும்பி நடந்தபோது சேலையின் பின்புறம் ரத்தக் கறை தெரிந்தது.

கூட நின்றவள் ஒரு துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றிவிட்டாள்.

ஜன்னல் வழியே நடிகர் பார்த்தார். பிறகு திரையை இழுத்துவிட்டார்.

எட்டு வருடமாகச் சேவுகன் ஓட்டும் வண்டி இது. அதன் ஒவ்வொரு ஒயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளே இரண்டு மின்சாரம். ஜெனரேட்டரிலிருந்து கேபிளில் வருவது ஒன்று, ஏ.சி.யும் டி.வி.யும் அதை நம்பி ஓடுபவை. மற்றொன்று கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரி. பாத்ரூம் விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அது போதும்.

மேனேஜருக்கு இதெல்லாம் தெரியாது. நடிகருக்குத் தெரியவேண்டிய தேவையே வந்ததில்லை.

சேவுகன் கேபிள் வந்து சேரும் பெட்டியைத் திறந்து ஒரு சுவிட்சை இறக்கினான்.

ஏ.சி. ஒருமுறை குலுங்கி நின்றது.

பங்குனி வெயில். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது.

லைன் போய்விட்டது, சரிசெய்ய இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றான். கிளமென்ட் அவனுடைய அம்மாவை இழுத்துத் திட்டினார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நடிகர் காரில் ஏறினார், பின்னாலேயே கிளமென்ட்டும். கார் புழுதி கிளப்பிக்கொண்டு ஓட்டல் பக்கம் போனது.

புழுதி அடங்கியதும் சேவுகன் இடுப்பில் துண்டோடு நின்ற அவளிடம் போனான்.

"வாங்கக்கா."

"கரன்ட் இல்லேன்னாங்களே தம்பி. தண்ணி வருமா?"

"வரும்."

அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. மோட்டார் மெல்ல உறுமியது.

அடுத்து ஒருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வரிசை ஜெனரேட்டர் வண்டிவரை நீண்டது.

நடிகரை ஓட்டலில் இறக்கிவிட்டு, அவர் மறந்துவைத்த கறுப்புக் கண்ணாடியை எடுக்கக் கிளமென்ட் திரும்பி வந்தார்.

வரிசையைப் பார்த்தார். உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துபோனது.

கத்தினார். கேரவன் முதலாளிக்கு அங்கேயே போன் போட்டார். இனி எந்தப் படப்பிடிப்பு வண்டியிலும் நீ ஏறமுடியாது என்றார். வரிசையிலிருந்து ஒருத்தியும் நகரவில்லை. கதவுக்கு முன்னால் நின்றவள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் நெருங்கி நின்றாள்.

சேவுகன் வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தான்.

"எல்லாரும் எறங்குன பெறகு பூட்டிக்கங்க சார்."

பையை எடுத்துக்கொண்டு பஸ் போகும் சாலையை நோக்கி நடந்தான். அடுத்த மாதம் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சாலை ஏறும் இடத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

பொட்டலில் வெள்ளைச் சேலைகள் வரிசையாக நின்றன. கடைசிச் சேலைக்குப் பின்னால், சாவியும் கையுமாக, கிளமென்ட் நின்றுகொண்டிருந்தார்.