தென்னைக்கு ஒரு ஸ்வெட்டர்

மாடசாமி தென்னங்கன்றுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தன் வரிசைவீட்டு வாசலில், பல் தந்தியடிக்கும் குளிரில்.

"யோவ்! உனக்குக் கிறுக்கு முத்திப்போச்சுய்யா!"

பக்கத்து வீட்டுச் சின்னக்கருப்பன்தான். போர்வையும் மைலோ கோப்பையுமாக வேலியோரம் நின்றார். ஒரு வருசமாகக் காலை ஏழு மணிக்கு அவர் அங்கே ஆஜர். தோட்டத்துச் சங்கு ஊதத் தவறினாலும் அவர் திட்டத் தவறமாட்டார்.

"இந்த மலையில தேயிலை வரும், முட்டைக்கோஸ் வரும். தென்னை வருமாய்யா?"

"வரும் லா. கோயில் திருவிழாவுக்கு நம்ம லயத்துத் தேங்காயே உடைக்கப் போறோம், பாரு."

"போன வாரம் என் இடுப்பு உசரம் இருந்துச்சு. இன்னிக்கு முட்டிக்குத்தான் வருது. ஒலகத்துல எந்த மரமாவது கீழ்நோக்கி வளருமா?"

மாடசாமி அசரவில்லை.

"குளிருக்கு ஒடுங்கி உக்காந்திருக்கு. நீயும்தான் காலையில குறுகிக்கிட்டு நிக்கிற. வெயில் அடிச்சா ரெண்டு பேரும் நிமிந்துருவீங்க."

"அஞ்சு ஓலை இருந்துச்சு. இப்ப மூணுதான் இருக்கு?"

"முடி வெட்டி விட்டேன்."

"நேத்து வரைக்கும் மஞ்சளாக் கெடந்துச்சே?"

"உடம்பு தேறிருச்சு."

சின்னக்கருப்பன் அரை மணி நேரம் திட்டினார். திட்டுகிற சுவாரஸ்யத்தில் மாடசாமியின் மனைவி சாரதா நீட்டிய இரண்டு தோசையையும் தின்றுவிட்டு வீட்டுக்குள் போனார்.

சாரதாவுக்குத்தான் மானம் போனது.

"லயமே சிரிக்குதுங்க. தென்னைக்குச் சளி புடிச்சா பனடோல் குடுப்பீங்களான்னு ஆபீஸ் கிராணி கேக்குறாரு."

"குடுத்துப் பாக்கலாம் லா," என்றார் மாடசாமி.

அடுத்த வாரம் சளி பிடித்தது, தென்னைக்கு அல்ல, அவருக்கு. நெஞ்சில் கட்டிக்கொண்டு, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் காலையில் சாரதா கஞ்சியோடு போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "கன்னு எப்படி இருக்கு?"

"நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே! கன்னு கருகிப்போச்சு. ஒரு ஓலைகூட மிச்சமில்ல."

மாடசாமி கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். "நான் லோரியை எடுத்துக்கிட்டுக் கீழ தாப்பா டவுனுக்கு எறங்கணும்."

"எதுக்கு, எட்டாவது கன்னு வாங்கவா?"

மாடசாமி இறக்கிய காலை மேலே எடுத்துக்கொண்டார்.

"கோழிக்கூட்டுக்குப் பின்னால ஆறு செத்த கன்னு கெடக்கு. நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? தேயிலை லோரியைக் கீழ கொண்டுபோறப்பல்லாம் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்து மாத்தி நடுறீங்க. மலையில தென்னை பொழைக்காதுன்னு தெரிஞ்சும் எதுக்குங்க இந்தக் கூத்து?"

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பொஞ்சாதி செல்லம்மா செத்த பெறகு சின்னக்கருப்பன் எட்டு மாசம் கதவைத் தொறக்கல. நீ வாசல்ல வெச்ச சோறு பாதி நாளு அப்படியே திரும்பி வந்துச்சு. நான் கூப்பிட்டேன், கோயில் தலைவர் கூப்பிட்டாரு, யாருக்கும் வாயைத் தொறக்கல. ஒரு நாளு யாரோ குடுத்த தென்னங்கன்னை வெளையாட்டுக்கு நட்டேன். மறுநாள் காலையில கதவைத் தொறந்துக்கிட்டு வந்து, 'முட்டாப் பயலே'ன்னான். எட்டு மாசத்துல அவன் பேசுன மொத வார்த்தை அது, சாரதா."

சாரதா கஞ்சியை ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்தக் கன்னு போச்சுன்னா அவன் மறுபடியும் கதவைச் சாத்திக்குவான்."

அன்று காலை ஏழு மணிக்கு வேலியோரம் யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வழியெல்லாம் பனிமூட்டம். டாக்சி லயத்துக்குள் திரும்பியதும் மாடசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க, அங்க பாருங்க," என்றாள் சாரதா.

வாசலில் தென்னங்கன்று நின்றது. நெஞ்சு உயரத்துக்கு, பச்சைப் பசேலென்று.

அது போட்டிருந்தது மாடசாமி மாட்டிய நீல ஸ்வெட்டர் இல்லை. முழங்கையில் ஒட்டுப்போட்ட சிவப்பு ஸ்வெட்டர். சாரதாவுக்கு அதை நன்றாகவே தெரியும். செல்லம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போட்டுப் போவது.

சின்னக்கருப்பன் வேலிக்கு வந்தார். போர்வை இல்லை. கையெல்லாம் மண்.

"காலையில கருகிக் கெடந்துச்சாமே. ஒரே நாள்ல எப்படிய்யா இவ்வளவு வளந்துச்சு?" என்றார் மாடசாமி.

"வெயில் அடிச்சுச்சு. நிமிந்துருச்சு."

"ஸ்வெட்டர் மாறியிருக்கே?"

"பழைய கலரு அதுக்குப் புடிக்கலையாம்."

மாடசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கீழ்நோக்கி வளர்ற மரத்தை ஒரு வருசமா நான் நம்புனேன்னா நெனச்ச, முட்டாப் பயலே?" என்றார் சின்னக்கருப்பன். "தாப்பாவுக்கு பஸ் ஏற எனக்கும் தெரியும் லா."