சம்பந்தி வந்ததும்

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. பிடித்து நடப்பதற்கான இரண்டு கம்பிகளுக்கு நடுவே சக்கர நாற்காலியில் தண்டபாணி உட்கார்ந்திருக்கிறார். உடுமலையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். பக்கவாதத்தில் வலது பக்கம் தளர்ந்துவிட்டது. ஆபத்துக் கட்டம் தாண்டியாயிற்று. ஆனாலும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இப்படி இருப்பவர்களுக்கான வார்டு இது. டாக்டர் பக்கத்திலேயே இருக்க, நடை, கை, பேச்சு என்று தினமும் மூன்று மணி நேரம் பயிற்சி. அதைத் தாங்குகிறவருக்குத்தான் இங்கே படுக்கை. தாங்காவிட்டால் மெதுவாகப் பழக்கும் வேறு இடம். தண்டபாணிக்கு எது என்று இன்று டாக்டர் வந்து பார்த்து முடிவு செய்வார்.

"எந்திரிக்க முடியாதுங்க அம்மணி, நாளைக்குப் பாக்கலாம்," என்கிறார் குழறலாக. பயிற்சியாளர் அஃப்ரா, விழாமலிருக்க அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்தபடி சிரிக்கிறாள். "மூச்சு வாங்கலைங்க, நாடியும் சீரா இருக்குது. பயந்துக்கறீங்க, அவ்வளவுதான்."

கதவு திறக்கிறது. பழப்பையோடு மகளின் மாமனார் நிற்கிறார். சம்பந்தி வரும்போது உட்கார்ந்திருப்பதா? தண்டபாணியின் இடது கை கம்பியை இறுக்குகிறது, முதுகு முன்னே சாய்கிறது, முழங்கால்கள் நடுங்கிக்கொண்டே நிமிர்கின்றன. அஃப்ராவின் கையில் பட்டை தளர்ந்தே இருக்கிறது. அவள் தூக்கவே இல்லை. "வாங்க சம்பந்தி, வாங்க!" என்கிறார் தண்டபாணி.

"அட, உக்காருங்க!" என்று பதறியபடி சம்பந்தி தாமும் உட்கார ஒரு நாற்காலியை இழுக்கிறார்.

"ஏனுங்க, நீங்க உக்காந்துபோடாதீங்க," என்கிறாள் அஃப்ரா சம்பந்தியிடம் அவசரமாக. "நீங்க உக்காந்தா அவரும் உக்காந்துக்குவாருங்க. டாக்டர் வர்ற வரைக்கும் நின்னுட்டே பேசுங்க."