நீள வால் வரி

அரிசி ஆலை எலிகளுக்கு ஒரு பெருச்சாளிதான் தலைவர். மழைக்காலத்துக்கென்று எலிகள் சேர்த்து வைத்த நெல்லில் பாதியை வரியாக வாங்கிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். உதவியாளரான மூஞ்சூறு நடுங்கிப் போனது.

"ஐயா, கடிச்சுக் குதறிடுவாங்க!"

"எலிகளை எனக்குத் தெரியும்யா. நீ கூட்டத்தைக் கூட்டு" என்று மீசையை நீவிக்கொண்டார் பெருச்சாளி.

கூட்டத்தில் அவர் முழங்கினார்: "ஏழை எலிகளே! உங்களிடம் ஒரு மணி நெல்கூடக் கேட்க மாட்டேன். நம் நெல்லைத் தின்று கொழுப்பவர்கள் நீள வால்காரர்கள். வரி அவர்களுக்கு மட்டும்தான்!"

ஆலை எலிகள் எப்போதும் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். ஆகவே தினமும் அவை பார்ப்பது முன்னால் ஓடுகிற எலியின் வாலைத்தான். 'அவனுக்கு நல்லா வேணும்' என்று ஒவ்வொரு எலியும் நினைத்துக்கொண்டு கைதட்டியதில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

மறுநாள் மூஞ்சூறு அளந்தபோது எல்லா வாலும் நீளமாகவே இருந்தது.

"என் வாலா நீளம்? முன்னால போறானே, அவன்கிட்ட வாங்குனீங்களா?" என்று எகிறியது ஓர் எலி.

"வாங்கியாச்சு."

"அப்ப சரி" என்று அது திருப்தியாகப் பாதி நெல்லைக் கொட்டிவிட்டுப் போனது. மற்ற எலிகளும் அப்படியே.

மூஞ்சூறு மெதுவாகக் கேட்டது: "ஐயா, உங்க வால்தானே எல்லாத்தையும்விட நீளம். ஒருத்தர்கூடக் கேக்கலையே?"

பெருச்சாளி நெல் குவியலில் சாய்ந்துகொண்டார்.

"எப்படிய்யா கேப்பாங்க? உங்க பாதுகாப்புக்குன்னு சொல்லி, வரிசையில எப்பவும் நான்தானே கடைசியா வர்றேன்!"